பெயரால் தண்டிக்கப்பட்ட ஆட்டம்: 'கான்ட்ரா ஃபோர்ஸ்' குறித்துச் சில கருத்துகள்

1992 செப்டம்பரில் கொனாமி நிறுவனம் வட அமெரிக்காவில் மட்டும், என்.இ.எஸ். கருவிக்காக, 'கான்ட்ரா ஃபோர்ஸ்' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. அதைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஒரே தீர்ப்பில் முடிந்துவிடுகின்றன: இது உண்மையான கான்ட்ரா அன்று. தீர்ப்பில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஜப்பானில் 'ஆர்க் ஹவுண்ட்' என்ற தனிப்பெயரில் வெளிவர இருந்த ஆட்டம் அது. ஜப்பானிய வெளியீடு கைவிடப்பட்டது. அமெரிக்கக் கடைகளுக்குச் சென்றபோது விற்பனையாகும் பெயர் ஒன்று அதன் தலையில் ஒட்டப்பட்டது. ஆனால், இந்தத் தகவல் விமரிசனத்தின் இடத்தை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஒரு படைப்பின் பிறப்புச் சான்றிதழில் திருத்தம் உள்ளது என்று கண்டறிந்தவுடன் படைப்பையே வாசிக்காமல் மூடிவைக்கும் வழக்கம் இலக்கியத் துறையில் இருந்தால் அதை ஆய்வு என்று எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வீடியோ கேம் வரலாற்றில் மட்டும் அது எளிதாகச் செல்லுபடியாகிறது.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக முதலில் கான்ட்ரா என்ற பெயர் எதைக் குறித்தது என்று பார்த்துவிடலாம். 1987 பிப்ரவரியில் ஆர்கேடு இயந்திரங்களுக்காக வெளிவந்த முதல் கான்ட்ரா, பக்கவாட்டில் நகரும் திரையில் ஓடிக்கொண்டே சுடும் ஆட்டவகைக்கு ஓர் அளவுகோலாக அமைந்தது. பில் ரைசர், லான்ஸ் பீன் என்ற இரு வீரர்கள்; எட்டுத் திசைகளிலும் சுடும் வசதி; ஒரே ஒரு குண்டு பட்டாலும் மரணம்; வானில் பறந்துவரும் கலத்தைச் சுட்டு வீழ்த்தினால் கிடைக்கும் புதிய ஆயுதம்; செத்தால் அந்த ஆயுதமும் பறிபோகும் கொடுமை. மேலிருந்து நோக்கும் சுடுதல் ஆட்டங்கள் அதற்கு முன்பே பெயர்பெற்றிருந்தன: கேப்காமின் 'கமாண்டோ' 1985, எஸ்.என்.கே.யின் 'இக்காரி வாரியர்ஸ்' 1986. அந்த வேகத்தைப் பக்கவாட்டுத் திரைக்கும் குதித்தலுக்கும் கொண்டுவந்து, இருவர் தோளோடு தோள் நின்று ஆடும்படி இறுக்கிக் கட்டியதே கான்ட்ராவின் சாதனை. இந்தியாவில் 1990களில் உரிமம் பெறாத நகல் கருவிகளோடு 'டிவி கேம்' என்று விற்கப்பட்ட பல-ஆட்டக் கேட்ரிட்ஜுகளின் வழியாக ஒரு தலைமுறை முழுதும் அறிந்த பெயரும் இதுவே. அந்த வீடுகளில் தொடர் என்ற கருத்தே கிடையாது. ஒரே கான்ட்ராவைப் பட்டியலில் பத்து எண்களில் பத்து விதமாகக் காட்டும் கேட்ரிட்ஜுக்கு முதல் பாகம், இரண்டாம் பாகம் என்ற வரிசை தேவைப்படவில்லை.

இனி, 'உண்மையான கான்ட்ரா' என்ற சொற்றொடரைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கான்ட்ரா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நிகராகுவாவின் சாண்டினிஸ்டா அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்களின் பெயர் கான்ட்ரா. அமெரிக்காவின் ரீகன் நிர்வாகம் அவர்களுக்கு மறைமுகமாகப் பணம் சேர்த்துக்கொடுத்த விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தது. மூன்று மாதங்களில் ஆட்டம் வந்தது. அதன் இறுதிக் காட்சி இசைக்குத் தரப்பட்ட பெயர் 'சாண்டினிஸ்டா'. ஜப்பானிய எழுத்தில் அப்பெயரை எழுதும்போது ஆன்மா, போர், வலை என்று பொருள் தரும் மூன்று சித்திர எழுத்துகளை ஒலிக்காகப் பொறுக்கி அடுக்கினார்கள். பிறகு ஆட்டத்தின் உள்ளுலகில், கெரில்லாப் போர்முறையில் தேர்ந்தவருக்கு வழங்கப்படும் பட்டம் என்று ஒரு விளக்கமும் உருவாயிற்று. ஆக, செய்தித்தாளின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு சொல், எழுத்துருவால் தொன்மையாக்கப்பட்டு, கதையால் நியாயப்படுத்தப்பட்டது. தொடரின் மூலவேரில் இருப்பதே ஓர் ஒட்டுப்பெயர்.

கடல் கடந்தபோது அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் ஆர்கேடு வடிவம் 'கிரைஸர்' ஆயிற்று. என்.இ.எஸ். வடிவம் அங்கே 1990இல் 'ப்ரோபோடெக்டர்' என்ற பெயரில் வந்தது. வன்முறை ஆட்டங்கள் மீது ஜெர்மனியில் இருந்த இளையோர் பாதுகாப்புக் கெடுபிடியைக் கருதி மனித வீரர்கள் நீக்கப்பட்டு, ஆர்.டி.008, ஆர்.சி.011 என்று இரண்டு எந்திரன்கள் அவ்விடத்தில் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவிலோ காலமே மாற்றப்பட்டது. ஜப்பானிய மூலத்தில் கதை நிகழ்வது 2633ஆம் ஆண்டில், நியூசிலாந்தை அடுத்த கற்பனைத் தீவுக்கூட்டம் ஒன்றில். அமெரிக்கக் கையேட்டில் அது நிகழ்காலத்துத் தென் அமெரிக்கக் காடு. 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த மூன்றாம் கான்ட்ராவின் அமெரிக்கக் கையேடு ஒரு படி மேலே போய், ஜப்பானில் அதே பில்லும் லான்ஸும் ஆக இருந்தவர்களை ஜிம்போ, சல்லி என்ற வேறு இருவராக்கிவிட்டது.

பெயர் மாறலாம், மனிதன் எந்திரனாகலாம், நூற்றாண்டுகள் நகரலாம். இவை எதுவும் ஓர் ஆட்டத்தின் கான்ட்ராத் தன்மையைக் கெடுத்ததாக எவரும் வழக்குத் தொடரவில்லை. 'ப்ரோபோடெக்டர்' ரசிகர்களிடையே இன்று ஓர் இனிய விநோதமாகவே நினைவுகூரப்படுகிறது. பெயர் மாற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது 'கான்ட்ரா ஃபோர்ஸ்' ஒன்றே. அதிலும் ஒரு முரண்நகை உண்டு. அமெரிக்கக் கையேடுகள் கான்ட்ராவை நிகழ்காலத்துக்கு இழுத்துவந்து வைத்திருந்தன. 'கான்ட்ரா ஃபோர்ஸ்' நிகழும் ஆண்டு 1992, அதாவது அது விற்பனைக்கு வந்த அதே ஆண்டு. அமெரிக்க வாசகருக்குத் தரப்பட்ட காலக்கணக்கை நம்பினால் இந்த ஆட்டம் தொடருக்குள் அதிகச் சிரமமின்றி உட்காரும். ஜப்பானியக் காலக்கணக்கே மூலம் என்று பின்னாளில் ஏற்றுக்கொண்டதால்தான் அது வீடற்றதாயிற்று.

வெளிவந்த தருணமும் அதற்கு உதவவில்லை. சூப்பர் நின்டெண்டோ அமெரிக்காவில் 1991இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. மூன்றாம் கான்ட்ரா, எரியும் நகரமும் திரையை நிறைக்கும் பூதங்களுமாக, 1992இன் முற்பாதியில் வெளிவந்து அந்த ஆட்டவகைக்கே புதிய வரம்பை எழுதிவிட்டிருந்தது. சில மாதங்கள் கழித்துப் பழைய கருவிக்கு அதே குடும்பப்பெயரோடு ஒன்று வந்தால் அதை எதனோடு ஒப்பிடுவார்கள் என்று கொனாமிக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, பெட்டியின் மேலட்டையை மறந்துவிட்டு உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். களம் நியோ சிட்டி என்னும் நகரம். எதிரிகள் வேற்றுக்கோள் உயிரிகள் அல்லர், டி.என்.எம்.இ. என்ற பயங்கரவாதக் குழுவினர். (அந்த நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் வாய்விட்டு வேகமாகச் சொன்னால் 'எதிரி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லாகவே ஒலிக்கும். அக்காலத்து ஆட்டக்கதைகளில் நகைச்சுவையும் சோம்பலும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம்.) வீரர்கள் நால்வர்: பர்ன்ஸ், அயர்ன், ஸ்மித், பீன்ஸ். பீன் என்ற பழைய குடும்பப்பெயரின் எதிரொலியைத் தவிர இவர்களுக்கும் முதல் கான்ட்ராவுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. துறைமுகம், பாதி கட்டப்பட்ட உயர்மாடங்கள், வானில் பறக்கும் விமானங்களின் முதுகு என்று ஐந்து கட்டங்கள். சில பக்கவாட்டுப் பார்வையில், சில மேலிருந்து கீழ்நோக்கும் பார்வையில். இந்த இரட்டைப் பார்வை 1988இல் வந்த 'சூப்பர் கான்ட்ரா'விலேயே உண்டு. எனவே உருவளவில் முற்றிலும் அந்நியம் என்று சொல்வதற்கும் இடமில்லை.

வேறுபாடு அதைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது. கான்ட்ராவில் ஆயுதம் என்பது வானத்திலிருந்து விழும் அதிர்ஷ்டம். கண்டவுடன் எடுக்க வேண்டும், எடுத்தவுடன் அதுவே கை. சிந்திக்க இடமில்லை, சிந்திக்கக் கூடாது என்பதே அதன் அழகியல். 'கான்ட்ரா ஃபோர்ஸ்' ஆட்டத்தில் வழியில் கிடக்கும் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் திரையின் அடியில் உள்ள பட்டியில் அடுத்தடுத்த ஆயுதங்கள் ஒளிரும். எதை எப்போது எடுப்பது என்பது ஆடுபவரின் முடிவு. கொனாமியின் 'கிரேடியஸ்' விண்கல ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும். இப்போதே ஒரு சிறிய ஆயுதத்தை எடுத்துக்கொள்வதா, வெறுங்கையோடு இன்னும் சிறிது தூரம் உயிரைக் காத்துச் சென்று பெரியதைப் பெறுவதா என்ற கணக்கு, ஓடிச் சுடும் ஆட்டத்துக்குள் ஒரு சேமிப்புப் பழக்கத்தைப் புகுத்துகிறது. நால்வருக்கும் ஆயுத வரிசை வேறு. ஒருவர் கனரகத் துப்பாக்கிகளில் வல்லவர், இன்னொருவருக்கு வெடிகுண்டுகளே மொழி. ஆட்டத்தின் நடுவில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிக்கொள்ளலாம். உயிர்க் கணக்கும் ஆளுக்கு ஆள் தனித்தனி. ஆகவே யாரை எங்கே பணயம் வைப்பது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் எழும் கேள்வியாகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கவனிக்க வேண்டியது தனியாக ஆடுபவருக்குத் தரப்பட்ட வசதி. மற்ற மூவரில் ஒருவரை உதவிக்கு அழைக்கலாம். அவர் எப்படி நகர வேண்டும், எப்படித் தாக்க வேண்டும் என்று முன்கூட்டியே கட்டளையிடலாம். சில நொடிகள் அவர் திரையில் தோன்றிக் கணினியின் கட்டுப்பாட்டில் சண்டையிட்டுவிட்டு மறைவார். ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் எட்டு-பிட் செயலி அது. திரையில் ஒரே வேளையில் 64 சிறுபடிமங்கள், ஒரு கிடைக்கோட்டில் எட்டு என்பதே அந்தக் கருவியின் எல்லை. அதற்குள் தானே முடிவெடுக்கும் ஒரு தோழனை நடமாடவிட்டதை இன்றைய ஆட்டங்களின் கண்ணால் அல்லாமல் 1992இன் கண்ணால் பார்க்க வேண்டும். தனி மனித வீரம் என்ற கான்ட்ராவின் தொனியிலிருந்து விலகி, ஒரு குழுவை நடத்திச் செல்லும் அனுபவத்தை நோக்கி இந்த ஆட்டம் நகர்கிறது. ஆர்க் ஹவுண்டாக அதைப் படித்தால் இந்த விலகல் நோக்கமாகத் தெரியும். கான்ட்ராவாகப் படித்தால் குறையாகத் தெரியும். அதே நிரல், அதே படங்கள், அதே இசை.

ஜெரார் ஜெனெத் 'துணைப்பிரதி' என்று பெயரிட்டு விளக்கியது இதைத்தான். தலைப்பு, மேலட்டை, முன்னுரை முதலானவை பிரதிக்கு வெளியே நின்று பிரதிக்குள் எப்படி நுழைவது என்பதைத் தீர்மானிக்கும் வாசற்படிகள். (அவருடைய அந்த நூலும் முதல் கான்ட்ராவும் 1987இலேயே வெளிவந்தன என்பது தற்செயல், ஆயினும் ஆய்வேட்டின் அடிக்குறிப்புக்கு உதவும்.) வாசற்படி தவறான இடத்தில் வைக்கப்பட்டால் வீட்டுக்குள் வருபவர் தடுக்கி விழுவார்; பழி வீட்டின் மீது விழும். பெரிய பெயரின் நிழலில் சிறிய பிரதிகள் பிழைத்த கதையைத் தமிழ்ப் பாடவரலாறு நன்கு அறியும். ஔவை என்ற ஒரே பெயர் எத்தனை காலத்துப் பாடல்களைக் காத்துக் கொண்டுவந்து சேர்த்தது என்பது தெரிந்ததே. இங்கே நடந்தது அதன் மறுதலை. பெரிய பெயர் சிறிய பிரதியை விற்றது, பிறகு விழுங்கிவிட்டது.

பெயர் மாற்றம் எப்போதும் இப்படித்தான் முடியும் என்பதற்கில்லை. 1987இல் ஜப்பானில் ஃபூஜி தொலைக்காட்சியின் விழாப் பாத்திரங்களை வைத்து வந்த 'டோக்கி டோக்கி பேனிக்' மறு ஆண்டே அமெரிக்காவில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2' ஆக்கப்பட்டது. பாத்திரங்கள் மாற்றப்பட்டன, பெயர் மாற்றப்பட்டது. இன்று அதன் ஷை கை, பேர்டோ ஆகியோர் மரியோ உலகின் நிரந்தரக் குடிமக்கள். ஸ்கொயர் நிறுவனத்தின் 'சாகா' அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேன்டஸி' பெயரை அணிந்துகொண்டு சென்றது. ஜப்பானில் தன் பெயரிலேயே வளர்ந்து தனித்தொடராகவும் நிலைபெற்றது. ஒன்று தத்தெடுத்த குடும்பத்தில் முழு உரிமை பெற்றது. மற்றொன்றுக்குப் பிறந்த வீடு இருந்தது. ஆர்க் ஹவுண்டுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. ஜப்பானில் பிறக்கவே இல்லை, அமெரிக்காவில் சேர்க்கப்படவில்லை.

இந்த ஆட்டத்துக்காக வாதிடுபவர்கள் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அது மெதுவாக ஓடுகிறது. சில எதிரிகளும் சில குண்டுகளும் திரையில் சேர்ந்தவுடன் இயக்கம் தளர்ந்து, படிமங்கள் மினுக்கி மறைகின்றன. தோழனை அழைத்தால் தளர்ச்சி கூடுகிறது. அதாவது ஆட்டத்தின் சிறந்த கருத்தைப் பயன்படுத்தும் நொடியில்தான் கருவி மூச்சு வாங்குகிறது. ஓடிச் சுடும் ஆட்டத்தில் வேகம் என்பது அலங்காரம் அன்று. குதிக்கும் தருணத்தை விரல் நம்பும் அடிப்படை. அது தளர்ந்தால் ஆடுபவரின் உடலறிவே குழம்பும். பெயர் எதுவாக இருப்பினும் இக்குறை இருக்கும். ஆகவே இது மறைக்கப்பட்ட தலைசிறந்த படைப்பு என்ற எதிர்த்திசை மிகையும் வேண்டாம். மறக்கப்பட்ட ஒன்றைத் தூக்கிப்பிடிப்பவர்கள் அதை மாணிக்கமாக்கியே தீர வேண்டும் என்று நினைப்பது இத்துறையின் இன்னொரு நோய். கருத்தால் பெரியதும் செயலால் தளர்ந்ததுமான ஓர் ஆட்டம் என்ற நடுநிலை விவரணைக்கே இதுவரை பெயர்ச் சண்டை இடம் தரவில்லை.

1994இல் சேகா மெகா டிரைவுக்கு வந்த 'கான்ட்ரா: ஹார்ட் கோர்' இந்த விவாதத்தில் முக்கியமான சாட்சி. நோபுயா நகசாட்டோ இயக்கிய அந்த ஆட்டம் தொடரின் உச்சங்களில் ஒன்று என்று மதிக்கப்படுகிறது, மதிப்பு நியாயமானதே. அதில் பில்லும் இல்லை, லான்ஸும் இல்லை. ரே, ஷீனா என்ற இரு மனிதர்கள், பிராட் ஃபாங் என்ற ஓநாய்மனிதன், பிரௌனி என்ற சிறு எந்திரன் என நால்வர். ஒவ்வொருவருக்கும் தனி ஆயுத வரிசை. கதை கிளைகளாகப் பிரிந்து பல முடிவுகளுக்குச் செல்கிறது. ஜப்பானிய வடிவில் ஒரு உயிருக்கு மூன்று அடி வரை தாங்கலாம். 'ஒரே குண்டில் மரணம்' என்ற தொடரின் புனித விதியே அங்கு தளர்த்தப்பட்டது. வெளிநாட்டுப் பதிப்புகளில்தான் அந்தக் கடுமை திரும்ப வந்தது. புதிய வீரர்கள், நால்வர் குழு, ஆளுக்கொரு ஆயுதத் தொகுதி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நியத்துக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டவை இங்கே புதுமைக்கு அடையாளமாகச் சொல்லப்படுகின்றன.

இதிலிருந்து, 'கான்ட்ரா ஃபோர்ஸ்'தான் 'ஹார்ட் கோர்' ஆட்டத்துக்கு வித்திட்டது என்று அம்புக்குறி போட்டுவிட வேண்டாம். ஒரே நிறுவனத்தின் இரு ஆட்டங்களில் ஒரே எண்ணம் தோன்றுவது தாக்கத்துக்குச் சான்றாகாது. சொல்லக்கூடியது இவ்வளவே: எந்தப் பண்புகள் தொடருக்குரியவை, எவை தொடருக்குப் புறம்பானவை என்று பிரிக்கும் கோடு ஆட்டங்களின் உள்ளமைப்பிலிருந்து வரவில்லை. அது பெயரின் வரலாற்றிலிருந்து பின்னோக்கி வரையப்பட்டது.

கோட்டை வரைபவர் யார் என்பதற்கு 2019ஆம் ஆண்டு நல்ல விடை தருகிறது. அவ்வாண்டு கொனாமி தன் நிறைவிழாவையொட்டிக் கான்ட்ரா ஆட்டங்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் பத்து ஆட்டங்கள். முதல் கான்ட்ராவின் ஆர்கேடு வடிவம், அமெரிக்க என்.இ.எஸ். வடிவம், ஜப்பானிய ஃபேமிகாம் வடிவம் என மூன்றும் தனித்தனியாக உண்டு. 'ஹார்ட் கோர்' ஒரு முறை. அதையே எந்திரன்களைக் கொண்டு ஐரோப்பாவுக்காக மாற்றிய 'ப்ரோபோடெக்டர்' இன்னொரு முறை. மூன்றாம் கான்ட்ராவுக்கும் அதே இரட்டைச் சலுகை. பாடபேதங்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் தொகுப்பைப் பதிப்பாசிரியர் எவரும் பாராட்டவே செய்வார். ஃபேமிகாம் வடிவத்தில் கொனாமியின் சொந்தச் சில்லு இருந்ததால் காட்டுக் கட்டத்தில் மரங்கள் அசையும், பனிக் கட்டத்தில் பனி பொழியும், இடையிடையே கதைப் படங்கள் வரும். அமெரிக்க வடிவத்தில் அவை இல்லை. அந்த வேறுபாட்டை அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைத்தது பெரும்பேறு. ஆனால் பத்தில் எதிலும் 'கான்ட்ரா ஃபோர்ஸ்' இல்லை. பெயரைச் சூட்டியது எந்த நிறுவனமோ அதுவே, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அந்தப் பெயருக்குரிய பட்டியலிலிருந்து அதை விட்டுவிட்டது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் வீடியோ கேம்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்வோர் பெருகிவரும் காலம் இது. சௌவிக் முகர்ஜி போன்றோரின் நூல்கள் அதற்குக் கோட்பாட்டுத் தளம் அமைத்துள்ளன. நாளை ஒரு மாணவர் 'கான்ட்ரா தொடரில் ஆண்மையும் போரும்' என்று ஒரு தலைப்பைப் பதிவுசெய்தால் அவர் கையில் எளிதாகக் கிடைக்கும் மூலம் அந்த 2019 தொகுப்புதான். அப்படியானால் அவருடைய ஆய்வின் எல்லையை வகுப்பவர் அவரும் அல்லர், நெறியாளரும் அல்லர். நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு. வேற்றுக்கோள் உயிரிகளை நீக்கிவிட்டு, நிகழ்கால நகரத்தில் பயங்கரவாதக் குழுவை எதிரியாக நிறுத்திய ஒரே பழைய கான்ட்ரா அவருடைய பட்டியலில் இடம்பெறாது. அந்தத் தலைப்புக்கு அதைவிட வேண்டிய ஆட்டம் வேறு எது?

கடைகளில் கிடைக்காததை நூலகத்தில் தேடலாம் என்றால், அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் புத்தகங்களையும், பிந்தைய திருத்தத்தால் செய்தித்தாள்களையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிற பொது நூலகங்கள் மூன்றுக்கும் அனுப்பச் சொல்கிறது. மென்பொருளுக்கும் ஆட்டங்களுக்கும் அப்படிப்பட்ட கடமை எதுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் வழியே 52ஆம் பிரிவில் வந்த ஒரு விலக்கு, வணிக நோக்கமற்ற பொது நூலகங்கள் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்னணு முறையில் சேமித்துக்கொள்ள இடம் தருகிறது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு: அந்தப் படைப்பின் மின்னிலக்கமல்லாத படி ஏற்கெனவே நூலகத்தின் வசம் இருக்க வேண்டும். கேட்ரிட்ஜ் பிறக்கும்போதே மின்னிலக்கம். அதற்கு மின்னிலக்கமல்லாத படி என்று ஒன்று இருக்கவே முடியாது. ஓலைச்சுவடியையும் அச்சு நூலையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி, ஆட்டங்களின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. இந்த ஒரு சொற்றொடரைத் திருத்தக் கோருவது வீடியோ கேம் ஆய்வாளர்களின் வேலை; வேறு எவரும் அதைச் செய்யப்போவதில்லை. அமெரிக்காவிலும் நிலைமை மகிழத்தக்கதாக இல்லை. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை.

அதுவரை நடைமுறையில் மாணவர்கள் இந்த ஆட்டத்தைச் சந்திப்பது எமுலேட்டர் மென்பொருளின் கோப்புப் பட்டியலில்தான். அங்கே ஆங்கில அகரவரிசையில் 'கான்ட்ரா' என்பதற்கு அடுத்த வரியில் 'கான்ட்ரா ஃபோர்ஸ்' நிற்கிறது. முன்னதை ஆடி முடித்த வேகத்தில் பின்னதைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். மூலப்பெயரோடு இருந்திருந்தால் பட்டியலின் தலைப்பகுதியில், எந்த அண்ணனின் நிழலும் படாமல் நின்றிருக்கும். துறைகளில் ஆட்டப் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒரு சிறிய மாற்றத்தை இன்றே செய்யலாம்: 'ஆர்க் ஹவுண்ட்' என்று ஒரு தனிப்பதிவு, அதன்கீழ் 1992 அமெரிக்க வெளியீட்டின் பெயர், ஜப்பானிய வெளியீடு கைவிடப்பட்ட குறிப்பு, பிறகு கான்ட்ரா பதிவுக்கு ஒரு குறுக்குச் சுட்டு. பாடத்திட்டத்தில் சேர்க்க விரும்பும் ஆசிரியர்கள், வகுப்பில் முதல் அரைமணி நேரம் பெயரைச் சொல்லாமலேயே அதை ஆடவைத்துப் பார்க்கலாம். தோழனை அழைத்தவுடன் திரை தளரும். யாரேனும் நிச்சயம் குறைசொல்வார்கள். அந்தக் குறை எதைப் பற்றியது என்று அப்போது கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயரைச் சொன்ன பிறகு வரும் குறைகளை வேறொரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.